ஓசூர்ச் சாலையில் பெருங்கற்கள்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரத் தொழிற்பேட்டையைக் கடந்து, ஆனேக்கல்லுக்குப் பாதை பிரியும் முனையில் இருப்பது சந்தாபுரா. நம் இதழைப் படிக்கும் குடும்பங்களில் பலவற்றுக்கு இவ்வூரைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் கட்டட வேலைகளிலும் பணியாற்றும் தமிழர் பலர் இங்கே குடியிருக்கின்றனர். சனிக்கிழமை மாலையில், கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாகச் சேலத்துக்கும் தருமபுரிக்கும் திருவண்ணாமலைக்கும் பேருந்து நோக்கி நிற்போரின் பேச்சைக் கேட்டால், நாம் நிற்பது கருநாடக நாடுதானா என்ற ஐயம் எழும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெங்களூர் மெட்ரோ இரயில் பொம்மசந்திரம் வரையில் வந்து சேர்ந்தது. அதற்கு நெடுநாள் முன்பே வந்து சேர்ந்துவிட்டவை வீட்டு மனைகள். கேழ்வரகுக் கொல்லையும் மேய்ச்சல் மேடும் இருந்த இடங்களில் எல்லைக்கல் நட்டுக் கயிறு கட்டிய காட்சியே இன்று சாலையின் இருமருங்கிலும் தென்படுகின்றது.

இவ்வட்டாரத்துக்கென்று ஒரு தனி அழகு உண்டு. விரைந்து செல்லும் வண்டியிலிருந்து பார்ப்போர் அதனைக் காண்பதில்லை. அது கற்பலகை. தோட்டத்துக்கு வேலி வேண்டுமெனில் நம் ஊர்ப்புறத்தில் முள் அடைப்பர், கிளுவை நடுவர். ஆனேக்கல், ஓசூர்ப் பக்கங்களிலோ ஆளுயரக் கற்பலகைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிலத்தில் நட்டுவிடுகின்றனர். பழைய வீடுகளுக்குக் கூரையும் கற்பலகையே. வாய்க்காலின் மேலிட்ட சிறு பாலமும் கற்பலகையே. லால்பாக்குத் தோட்டத்தில் ஒரு பெரும்பாறையின்மேல் ஏறி நம் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனரே, அப்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. அதே இனத்துப் பாறைதான் இப்பகுதி முழுவதும் நிலத்தடியில் படர்ந்து, ஆங்காங்கே குன்றாகத் தலை நீட்டுகின்றது. வெயிலில் காய்ந்தும் மழையில் குளிர்ந்தும் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து பிளவுறுவது அதன் இயல்பு. நெருப்பிட்டும் ஆப்பு அறைந்தும் அதனைப் பலகையாகப் பெயர்த்தெடுக்கும் கைத்திறன் இந்நாட்டில் நேற்று முளைத்ததன்று. இந்நாட்டவர் தம் பழங்கதையை எழுதி வைக்கத் தொடங்குமுன்னரே, இதே பாறையைப் பலகையாகப் பெயர்த்து இறந்தோர்க்கு வீடு கட்டிய மக்கள் இங்கே வாழ்ந்திருக்கின்றனர்.

இதனை நாங்கள் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. சந்தாபுராவுக்கு அருகே புதிதாய் எழுந்த ஒரு குடியிருப்பில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் குடும்பம் வீடு கட்டிக் குடியேறியது. கடைசி வரிசை மனைகளுக்கு அப்பால், எவரும் உழாத ஒரு மேட்டில், வட்டமாகச் சில உருண்டைக் கற்களும் அவ்வட்டத்தின் நடுவே சிறு கற்களின் குவியலும் கிடந்தன. அவ்வீட்டுப் பாட்டியார் மாலையில் நடந்து சென்று அக்கற்களின்மேல் அமர்ந்து இளைப்பாறுவது வழக்கம். ஒருநாள் மண் அள்ளும் எந்திரம் வந்தது. இரண்டு நாளில் மேடு தரையாயிற்று. உருண்டைக் கற்கள் ஒரு தடுப்புச் சுவரின் அடியிற் போய் மறைந்தன. அது பண்டை மக்களின் ஈமச் சின்னமா, அன்றி உழவர் தம் கொல்லையிலிருந்து பொறுக்கி ஒதுக்கிய கற்களா? இன்று எவராலும் சொல்ல இயலாது. தொல்லியல் அறிந்தார் ஒருவர் அரைமணி நேரம் அங்கு நின்று பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அந்த அரைமணி நேரம் இனி வாராது.

கற்குவை என்பது யாது என்று கேட்கும் அன்பர்களுக்காகச் சிறிது விரித்துரைப்போம். இறந்தவரின் எலும்பையும் அவர் பயன்படுத்திய பொருள்களையும் குழியிலோ கல்லறையிலோ வைத்து மூடி, அதன்மேல் கற்களைக் குவித்து, அக்குவியல் சரிந்து போகாதவாறு சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்தல் ஒரு முறை. குவியலைக் கற்குவை என்றும் வட்டத்தைக் கல்வட்டம் என்றும் கூறுவர். நிலத்துக்குள் நான்கு பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையிட்டு மூடினால் அது கற்பதுக்கை. அதனையே நிலத்துக்கு மேலே வீடுபோல் எழுப்பினால் கல்திட்டை. ஒற்றைக் கல்லை நெடிதாக நிறுத்தினால் நெடுங்கல். கேரளத்தில் குடைபோலவும் தொப்பிபோலவும் செதுக்கிய கற்களும் உண்டு. இவ்வகைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, எதற்கு எப்பெயர் என்று தென்னாட்டுக்கு வரையறுத்துத் தந்தவர் வி. டி. கிருஷ்ணசுவாமி, 1949-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையை அறிஞர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.

கற்களை விடக் கற்களின் அடியில் உள்ளவையே பெரிதும் வியப்பூட்டுவன. உடலை இறந்த அன்றே புதைப்பது எல்லா இடத்தும் வழக்கமாக இருக்கவில்லை. பல இடங்களில் உடலை வெட்டவெளியில் விட்டுவைத்துப் பின்னர் எஞ்சிய எலும்புகளிற் சிலவற்றை மட்டும் திரட்டி அடக்கம் செய்திருக்கின்றனர். உடன் வைத்த மட்கலங்களின் உட்புறமும் வாய்ப்பக்கமும் கருமை, அடிப்பக்கம் செம்மை. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கருத்தும் காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் வரும். இரு வண்ணத்தையும் ஒரே சூட்டில் பெற்ற அக்குயவரின் அறிவை என்னென்பது! இரும்பு வாளும் அம்புமுனையும் அரிவாளும் குதிரைக் கடிவாளமும், சூதுபவள மணிகளும் கிடைக்கின்றன. சுருங்கச் சொன்னால், ஒரு மனிதன் இவ்வுலகில் கையாண்டவற்றை மறுவுலகுக்கும் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கின்றனர். ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் மூட்டை கட்டுவதை இது எங்களுக்கு நினைவூட்டிற்று.

இவ்வழக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பாலை வழியில் அம்பு பட்டு மாண்டோரின்மேல் குவித்த கற்களைச் சங்கப் புலவர் பதுக்கை என்று குறிக்கின்றனர். பெரிய தாழியை வனைந்து தருமாறு குயவனை வேண்டும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. எரித்தல், வெட்டவெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே இடத்தில் அடுக்கிச் சொல்கின்றது. ஒரே ஊரின் சுடுகாட்டில் இவ்வைந்தும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்று அந்நூல் கூறுவதை இன்றைய நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

பெங்களூரைச் சுற்றிலும் இச்சின்னங்கள் இருந்தன. இன்னும் சில இருக்கின்றன. ஏறத்தாழ கி.மு. 1000 அளவில் கோரமங்கலத்திலும் சிக்கஜாலாவிலும் ஈமக்காடுகள் ஏற்பட்டதாக இந்நகரின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். கோரமங்கலம் இன்று எவ்வாறு இருக்கின்றது என்பதை நீங்களே அறிவீர்கள். அங்கே உணவு விடுதிகளையும் அலுவலகங்களையும் காணலாமேயன்றி ஈமக்காட்டைக் காண இயலாது. விமான நிலையம் செல்லும் வழியிலுள்ள சிக்கஜாலா, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றது. நம் ஆனேக்கல் வட்டத்திலேயே மானகொண்டனஹள்ளியின் கல்வட்டங்களும் அத்துறையின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஹொசகோட்டை வட்டத்து ஜடிகேனஹள்ளியில் 1957-இல் மைசூர் அறிஞர் எம். சேஷாத்திரி அகழ்ந்து ஆராய்ந்தார். 1960-இல் அறிக்கையும் வெளியிட்டார். ஆகவே, சந்தாபுராவின் பாட்டியார் அமர்ந்த கற்கள் ஒரு பழங்கல்லறையாக இருந்திருக்கக் கூடாது என்பதற்கில்லை.

நிலத்துக்குள் புதைந்த கற்குவையைக் காட்டிச் சிறுவர்க்கு விளக்குவதினும், நிலத்துக்கு மேலே நிற்கும் கல்திட்டையைக் காட்டிய பின் கற்குவையைப் பற்றிச் சொல்வது எளிது. ஆதலின், நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவிலிருந்தே புறப்பட்டுக் கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்துக்குச் சென்று வருவதெனத் துணிந்தோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டியாயிற்று. ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்திக் கொண்டோம்.

அத்திபெலேயில் மாநில எல்லை. எல்லையைத் தாண்டும்போது கடைப்பலகையின் எழுத்து மாறுகின்றது. பேருந்தின் நிறம் மாறுகின்றது. பேச்சு மட்டும் மாறுவதில்லை. இப்புறத்திலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, அப்புறத்திலும் அவையே. ஓசூர்ச் சந்தையில் மூன்று மொழியிலும் விலை கேட்டு மூன்று மொழியிலும் பேரம் பேசலாம். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது 1956-இல். நாங்கள் காணச் சென்ற கற்கள் நிறுத்தப்பட்டபோது இவ்வெல்லைக்கோடு மட்டுமன்று, கோடு கிழிக்கக் காரணமான எழுத்துக்களும் இந்நிலத்தில் இல்லை.

ஓசூரைக் கடந்து சூளகிரி வந்ததும் எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், “இன்னும் எத்தனை கல்?” என்றார். வண்டியிலிருந்த பிள்ளைகள் சிரித்தனர். தொலைவைக் கல்லால் அளந்த தலைமுறையை அவர்கள் அறியார். சாலையோரத்தில் ஊருக்கு ஊர் நட்ட கல்லே தொலைவுக்குப் பெயராயிற்று என்று அவர் விளக்கினார். எல்லைக்கு ஒரு கல், வீரனுக்கு ஒரு கல், தொலைவுக்கு ஒரு கல், இறந்தார்க்கு ஒரு கல் என்று எல்லாவற்றையும் கல்லிலே நினைவு வைத்தவர் நம்மவர் என்பது அவருடைய கருத்து. நல்ல கருத்துத்தான், ஆனால் அதனை அவர் மேலும் இருபது நிமிடம் விரித்துரைத்தார் என்பதையும் கூறிவிடுகின்றோம்.

மல்லச்சந்திரத்துக்கு அருகே மோரல்பாறை என்னும் குன்றின்மேல் கல்திட்டைகள் இருக்கின்றன. ஏறுவது கடினமன்று, ஆயினும் வெயில் ஏறுமுன் ஏறிவிடுதல் நன்று. மேலே சென்றதும் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றது. வழுக்கைத் தலைபோன்ற பாறைத் தளம். அதன்மீது, தெருவொன்றில் வீடுகள் நிற்பதுபோல, கற்பலகை வீடுகள் நிற்கின்றன. சில முழுமையாக நிற்கின்றன. பல சரிந்தும் மூடுகல் நழுவியும் கிடக்கின்றன. சுவராக நின்ற பலகை ஒன்றில் வட்டத் துளை. அத்துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தோம். குடத்தின் வாய்போல வட்டம் பிசகாமல் குடைந்திருக்கின்றனர். பின்னர் இறந்த உறவினரின் எலும்பையும் உள்ளே சேர்ப்பதற்கு வைத்த வழி இது என்பர் சிலர்; ஆவி வந்து போகும் வாயில் என்பர் வேறு சிலர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வாயிலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டைச் சூழ மற்றொரு வரிசைக் கற்பலகைகள். அவற்றின் உச்சி சதுரமாக இல்லை. நெற்றிபோல் வளைத்துச் செதுக்கியிருக்கின்றனர். இவ்வாறு வளைப்பதால் சுவருக்கு வலிமை கூடுவதில்லை. வெயிலோ மழையோ தடைப்படுவதுமில்லை. அழகுக்காகவே செய்திருக்கின்றனர். இறந்தவருக்கு அழகு செய்ய, உயிரோடிருந்தவர் எத்தனை நாள் உளியும் கல்லுமாக உழைத்தனரோ! ஒரு மூடுகல்லைத் தூக்க ஒரு குடும்பத்து ஆடவர் போதார். ஊரே கூடியிருக்க வேண்டும். கூடியவர்க்குச் சோறு ஆக்கியிருக்க வேண்டும். சோற்றுக்குத் தினை விளைந்திருக்க வேண்டும். ஒரு கல்திட்டையைக் கண்டால் ஓர் ஊரின் ஒற்றுமையையும் களஞ்சியத்தையும் சேர்த்துக் காண்கின்றோம். இங்குள்ள சில திட்டைகளின் உட்புறப் பலகையில் வெண்ணிற ஓவியங்களும் உண்டு. விலங்கின்மேல் அமர்ந்த மனித உருவத்தைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர்.

அப்பக்கம் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த முதியவரிடம் இவை யார் கட்டிய வீடுகள் என வினவினோம். பாண்டவர் காட்டில் ஒளிந்திருந்தபோது கட்டியவை என்றார். இவ்விடை அவருக்கு மட்டும் உரியதன்று. தென்னாடெங்கும் இப்படித்தான் சொல்கின்றனர். பாண்டவர் குழி என்பர். வாலியர் வீடு என்பர். குள்ளர் குகை என்பர். புதுக்கோட்டைப் பக்கம் குரங்குப் பட்டடை என்பர். கருநாடகத்தின் வடபால், கொப்பள மாவட்டத்து ஹிரேபெணகல் குன்றுக்கு மோரியர் குன்று என்று பெயர். மோரியர் என்போர் குள்ள உருவினராம். கட்டியவர் யாரென மறந்துபோன மக்கள், கட்டடத்தை மட்டும் மதித்து அதற்குத் தகுந்த ஒரு கதையைக் கொடுத்துக் காத்தனர். இக்கதைகளைப் பொய்யென்று எள்ளி நகையாடுவது எங்களுக்கு உடன்பாடன்று. பாண்டவர் வீடென்ற அச்சமும் மதிப்பும் இருந்தமையால்தான் எத்தனையோ தலைமுறை உழவர் அக்கற்களில் கைவைக்கவில்லை. 1823-இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் மலையாள நாட்டுக் கல்லறைகளைப் பற்றி எழுதியபோது, ஊரார் சொன்ன ‘பாண்டு குழி’ என்பதைப் ‘பாண்டு கூலி’ என ஒலிக்குமாறு எழுதிவைத்தார். வெள்ளையர் எழுத்தில் நம்மவர் மட்டுமன்றி நம்மவர் கல்லறைகளும் கூலிகளாயின போலும்!

குன்றின்மேலேயே, நிழல் கிடைத்த இடத்தில் சோற்று மூட்டையை அவிழ்த்தோம். அப்போது பெங்களூர்ப் பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பயிலும் ஒரு மாணவன், “இவர்கள் தமிழர்களா, கன்னடர்களா?” என்று கேட்டான். எங்களிற் சிலர் உடனே விடை கூற வாயெடுத்தனர். நல்வேளையாக ஓர் அம்மையார் முந்திக் கொண்டு, “அவர்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, தம்பி” என்றார். அதுவே சரியான விடை. இக்கற்களின் அடியில் கிடப்பவர் எம்மொழி பேசினார் என்பதற்கு அவருடைய எலும்பு சான்று கூறாது. மல்லச்சந்திரத்துக் கல்திட்டைக்கும் ஹிரேபெணகல் கல்திட்டைக்கும் இடையே நூற்றுக்கணக்கான கல் தொலைவு. வட்டத் துளை மட்டும் ஒன்றே. கருநாடகத்தில் வாழ்ந்து தமிழைப் போற்றும் நம்போன்ற குடும்பங்களுக்கு இதனினும் நெருங்கிய பொதுச்சொத்து வேறொன்று உண்டோ என எண்ணுகின்றோம். இதில் எவர் மூத்தவர் என்ற வழக்குக்கு இடமில்லை. அவ்வழக்கு ஏற்கெனவே நம் மேடைகளில் வேண்டுமளவு நடக்கின்றது.

மல்லச்சந்திரம் இருக்கும் இதே கிருட்டிணகிரி மாவட்டத்தில்தான் மயிலாடும்பாறையும் இருக்கின்றது. அங்கே பேராசிரியர் கா. இராசன் முன்னரே ஆய்வு செய்திருந்தார்; 2021-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. மண்ணடுக்கில் கிடைத்த கரியைக் கொண்டு கணித்தபோது, இரும்பின் பயன்பாடு அங்கே கி.மு. 2172 அளவிலேயே இருந்ததெனத் தெரிந்தது. 2022 மே திங்களில் இச்செய்தி சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்தவற்றின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாக 2025 ஜனவரியில் வேறோர் அறிக்கை வந்தது. இவ்வெண்களைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கருதுங்கள். விரலிடை அளவே உள்ள ஒரு கரித்துண்டு, எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருளுக்கு அருகில் கிடந்ததோ அங்கேயே அசையாமல் கிடந்தமையால் வந்தது. அதனை ஒருவர் கிளறி எடுத்து ஒரு பக்கத்தில் எறிந்திருந்தால், அது வெறும் அடுப்புக்கரி.

புதையல் தேடுவோர் இதனை உணர்வதில்லை. கற்குவையின் அடியில் பொன் இருக்கும் என நம்பி அமாவாசை இரவில் தோண்டுவோர் பல ஊர்களில் உண்டு. பெரும்பாலான குழிகளில் அவர்களுக்குக் கிடைப்பவை துருப்பிடித்த இரும்பும் உடைந்த சட்டியுமே. சினத்தில் சட்டியை உடைத்து எறிந்துவிட்டுப் போகின்றனர். அவர்கள் கொண்டு சென்றது ஒன்றுமில்லை. அழித்தது மட்டும் முழுமை. பொருளை எடுத்துப் பாதுகாத்தால் போதும் என்பாரும் உளர். அதுவும் போதாது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்னும் செருமானியர் தோண்டியெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பொருள்கள் அங்கே இருக்கின்றன. ஊர் இங்கே இருக்கின்றது. 1899-க்கும் 1905-க்கும் இடையில் அலெக்சாந்தர் இரே அதே இடத்தில் பெரிய அளவில் அகழ்ந்தார். இன்று அங்கே புதிய முறை வந்துள்ளது. 2023 ஆகஸ்டில், அகழ்ந்த குழிகளை அவ்வாறே வைத்து, மேலே கண்ணாடித் தளமிட்டு, தாழிகள் கிடந்த கிடையிலேயே மக்கள் காணுமாறு ஏற்பாடு செய்திருக்கின்றனர். ஊருக்குப் போகும்போது நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்கள் ஒருமுறை சென்று காண்க.

கல்வெட்டும் கோயிலும் அழிந்தால் கேட்பதற்கு ஆளுண்டு. கற்குவைக்கு அத்தகைய நற்பேறு இல்லை. அதன் இடர், அது கற்குவியலாகத் தோன்றுவதே. அதனை எழுப்பியோர் உழவுக்கு உதவாத பாறை மேட்டையே தேர்ந்தெடுத்தனர். விளைநிலத்தை உயிரோடிருப்போர்க்கு விட்டனர். இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டு அது பிழைத்திருந்ததும் அதனால்தான். அந்தப் பாறை மேட்டுக்கு இன்று விலை ஏறிவிட்டது. ஒரு பக்கம் கற்சுரங்கமும் சல்லி உடைக்கும் ஆலையும். மறுபக்கம் மனைப் பிரிவு. ஏழைக்கு ஒதுக்கிய பாறை நிலமே இப்போது எல்லாருக்கும் வேண்டியிருக்கின்றது. வீடு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் மனை வாங்கியவர்களே. மனை பிரிக்குமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிரிக்கலாம் என்றே சொல்கின்றோம். ஓரேக்கரில் ஒரு கல்வட்டம் இருந்தால், குடியிருப்புக்கு எப்படியும் ஒதுக்க வேண்டிய பூங்காவை அவ்விடத்திலேயே வைக்கலாமே! பூங்காவில் சிமெண்டால் யானையும் ஒட்டகமும் செய்து வைக்கும் செலவு மிச்சமாகும்.

சட்டம் இருக்கின்றது. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தாலும் 2010-இல் அதற்குச் செய்த திருத்தத்தாலும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடையுண்டு. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி பெறவேண்டும். சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். கருநாடகத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியே உள்ளன. ஆயினும் இவையெல்லாம் பட்டியலில் ஏறிய சின்னத்துக்கே முழுத் துணை. ஹிரேபெணகல் 1955 முதல் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றது; 2021-இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிற்று. பெயர் தெரியாத மேட்டில் கிடக்கும் ஐந்து கற்களுக்கு யார் பட்டியல் எழுதுவார்? பட்டியல் எழுதுபவர் கண்ணில் அவை முதலில் பட வேண்டும். அவர் கண்ணில் படுவதற்கு முன் அவ்வூரில் குடியிருப்போர் கண்ணில் பட வேண்டும்.

குடியிருப்போரால் ஆகக்கூடியது யாது என்று கேட்போருக்கு ஹெப்பாளத்தைக் காட்டுவோம். அங்கே ஏறத்தாழ கி.பி. 750-ஆம் ஆண்டைச் சேர்ந்த கிட்டய்யன் என்னும் வீரனின் நடுகல் இருந்தது. 2018-இல் கட்டுமானப் பணியினிடையே அது இடம்பெயர்ந்து கேட்பாரற்றுக் கிடந்ததைக் கல்வெட்டு ஆர்வலர் சிலர் கண்டனர். அறிஞர் படித்துக் காலம் கூறினர். அக்கம்பக்கத்தார் கூடினர், பொருள் திரட்டினர், அக்கல்லுக்கென ஒரு மண்டபமே கட்டி நிறுத்தினர். நம் ஓசூர்ச் சாலைக்கு அண்மையிலுள்ள பேகூரில், கி.பி. 890 அளவில் நடந்த பெங்களூர்ப் போரைக் குறிக்கும் கல்வெட்டு இருப்பதையும் அன்பர்கள் மறத்தலாகாது. பெங்களூர் என்னும் பெயரின் பழமைக்கு அச்சிறு கல்லே சான்று. அதுவும் ஒரு சுவருக்கு அடிக்கல்லாகப் போயிருந்தால் இந்நகரத்தார் தம் ஊரின் பெயர்க் கதையை எங்கே சென்று கேட்பர்?

ஆகவே, சந்தாபுரா, அத்திபெலே, ஆனேக்கல், சர்ஜாபுரப் பக்கங்களில் குடியிருக்கும் குடும்பங்களிடம் ஒரு சிறு பணியை வேண்டுகின்றோம். உழாத மேட்டிலோ ஏரிக்கு அருகேயுள்ள பாறைச் சரிவிலோ வட்டமாகப் பதித்த கற்களைக் கண்டால் முதலில் எதையும் அசைக்காதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டா; ஓட்டுத் துண்டைக் கூட எடுக்க வேண்டா. கைப்பேசியால் நான்கு பக்கமும் நிழற்படம் எடுங்கள். அளவு தெரிவதற்கு ஒரு குடையையோ கோலையோ பக்கத்தில் வைத்து எடுத்தல் நன்று. வட்டத்தின் குறுக்களவைக் காலடியால் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். ஊர், நில அளவை எண், அருகிலுள்ள கோயில் அல்லது ஏரி ஆகியவற்றை எழுதி, வட்டத் தாசில்தாருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். கடிதம் கன்னடத்தில் இருந்தால் விரைந்து படிக்கப்படும். நம் வீட்டுப் பிள்ளைகள் அழகாக எழுதுவர். நிலத்துக்கு உரியவரிடம் முன்னரே பேசிவிடுவதும் வேண்டும். நிலம் பறிபோகும் என்ற அச்சத்தால் ஓரிரவில் கற்களை அகற்றியோர் உண்டு. அவ்வச்சத்தைப் போக்காமல் கடிதம் மட்டும் எழுதுவது தீங்காகவும் முடியலாம். தோண்டும்போது எவர்க்கேனும் பழம்பொருள் கிடைத்து, அதன் மதிப்புப் பத்து ரூபாய்க்கு மேற்பட்டிருந்தால், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே கூறுகின்றது. பத்து ரூபாய்க்கு இன்று ஒரு குவளைத் தேநீர்கூடக் கிடைப்பது அரிது. எனவே எல்லாமே அதில் அடங்கும் எனக் கொள்க.

அன்று மாலை குன்றிலிருந்து இறங்கிய பின், அடுத்த பயணம் எங்கே என்ற பேச்சு வண்டியில் எழுந்தது. சிக்கஜாலாவுக்குச் செல்வதென முடிவாயிற்று. ஹெப்பாளத்து நடுகல் மண்டபமும் அதே வழியில் இருப்பதால் இரண்டினையும் ஒரே நாளில் காணலாம். வர விரும்பும் குடும்பத்தினர் சங்க அலுவலகத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்து கொள்க. அளவு நாடாவும் தொப்பியும் குடிநீரும் கொண்டு வருக. சிறுவர்க்கு அரைக் கட்டணம். சந்தாபுராவின் பாட்டியார் தம் பெயரை முதலாவதாகக் கொடுத்துவிட்டார்.